ஒன்றுதான் என்று சாதிக்கும் பெட்டி

இயேசு மரி சூசை துணை

நல்லம்பள்ளி
10-12-1989, ஞாயிறு
முதல் பூசைக்கு மணி அடிக்குமுன்

மரியாதைக்குரிய சவரி சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் ராஜமேரி தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இவ்விடம் அப்பா, அம்மா, நான், சினையாக இருக்கும் வெள்ளாடு எல்லோரும் நலம். ஆபீஸ் கம்ப்யூட்டர் மட்டும் நலமில்லை. பெங்களூர்க் குளிரில் சித்தியின் மூட்டுவலி கூடாமல் இருக்க அம்மா தினமும் ஜெபமாலையில் பத்து மணி தனியாக உருட்டுகிறாள் என்று எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

உங்கள் இன்லேண்டு லெட்டர் வெள்ளிக்கிழமை வந்தது. இடம் போதாமல் கோந்து தடவும் ஓரத்திலும் எழுதியிருந்தீர்கள். பிரிக்கும்போது அந்த வரிகள் கிழிந்துவிட்டன. அவையும் திட்டுத்தான் என்பது மிச்சமிருந்த எழுத்துகளின் அழுத்தத்திலேயே தெரிந்தது. "என் பேரைச் சொல்லி வேலைக்குச் சேர்ந்தவள் கம்பெனி வைத்த சீலை உடைத்தாளாமே, கம்ப்யூட்டருக்கு மண்ணெண்ணெய் போட்டாளாமே, பெங்களூரில் நான் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது" என்று கேட்டிருக்கிறீர்கள். பெங்களூரில் இந்தச் செய்தி உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது சித்தப்பா, தாராளமாக நிமிர்ந்து நடக்கலாம். சீலை உடைத்தது நான்தான். ஆனால் அது கம்பெனி வைத்த சீல் அல்ல. மண்ணெண்ணெய் போட்டது உண்மை. ஆனால் போட்டது நான் அல்ல. உங்களுக்குப் புகார்க் கடிதம் எழுதிய உங்கள் பள்ளித் தோழர், எங்கள் மேனேஜர் அருள்சாமி சார்தான். ஆதியிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் சங்கம் ஊர் ஊராக ஆழ்குழாய்க் கிணறு போடுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். போர் வண்டி ஒன்று. காத்திருக்கும் ஊர்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு. யார் முதலில் மனு கொடுத்தார்கள், யாருக்கு எத்தனையாவது முறை என்கிற வரிசைப் பட்டியல் ஒன்றுதான் சங்கத்தின் உயிர். அது முன்பு மூன்று பெரிய நோட்டுகளில் இருந்தது. ஜெர்மனியிலிருந்து யாரோ புண்ணியவான்கள் கம்ப்யூட்டர் அனுப்பினார்கள். உடனே எங்கள் கமிட்டி கூடி, ஒரே பட்டியல் இரண்டு இடத்தில் இருந்தால் நாளைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் வந்து வழக்காகிவிடும் என்று யோசித்து, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு நோட்டுகளைக் கிழித்துப் போடத் தீர்மானம் நிறைவேற்றியது. கிழித்தாகிவிட்டது என்பதற்கும் ஒரு தீர்மானம். இரண்டாவது தீர்மானத்தின் நகல் மட்டும் மூன்று இருக்கிறது. பாதுகாப்புக்காக நான் ஃபிளாப்பியில் எடுத்த பிரதியைப் பெங்களூர்க் கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். தபால் ஆபீசில் அதன்மேல் முத்திரையை ஓங்கி நான்கு குத்துக் குத்தினார்கள், அது அத்தோடு முடிந்தது; ஆபீசில் வேறு ஃபிளாப்பி இல்லை. பிரிண்டர் ஆகஸ்டிலிருந்து ஊமை. நான் திரையைப் பார்த்துக் கையால் ஒரு நோட்டில் முழுப் பட்டியலையும் எழுதினேன். கமிட்டி மெம்பர் கருப்பண்ணன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கையில எழுதறதுன்னா யாரு வேணா எழுதலாமேம்மா. மெசின் சொன்னாத்தான் செல்லும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு வருஷத்துக்கு முன்னால் வரைக்கும் எல்லாம் கையில்தான் எழுதினோம் என்பதை அவருக்கு ஞாபகப்படுத்தினேன். "அதான் மாத்திட்டமே" என்றார்.

அந்தப் பட்டியலில் மூன்றாவது ஊர் கல்லேரிக்கொட்டாய். முப்பது வீடு. அங்கிருந்து காவேரி என்ற அம்மாள் நான்கு வருஷமாகச் சனிக்கிழமை சனிக்கிழமை வந்து எத்தனையாவது நம்பர் என்று கேட்டுவிட்டுப் போகிறாள். முன்னூற்று நாற்பதில் தொடங்கியவள், மூன்றுக்கு வந்திருக்கிறாள். அவர்கள் குடிக்கிற கிணற்றுத் தண்ணீர் பல்லைப் பழுப்பாக்கி, வயதானால் முழங்காலையும் வளைத்துவிடுகிறது. அவள் மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் அவள் சிரிக்கிறவரைக்கும் இருந்துவிட்டு எழுந்துபோய்விடுகிறார்களாம். வண்டி வருகிற வியாழக்கிழமை புறப்படுகிறது. பட்டியல் இருந்தால் இந்த மாதத்துக்குள் கல்லேரிக்கொட்டாய்க்குத் தண்ணீர். பட்டியல் போனால், புதுப் பட்டியலைக் கருப்பண்ணன் போன்றவர்கள் உட்கார்ந்து எழுதுவார்கள். அவர் ஊர் இப்போது நானூற்று ஒன்பதாவது. புரிகிறதல்லவா.

போன மாதம் கம்ப்யூட்டர் 'கரக், கரக்' என்று பாக்கு வெட்டுகிற சத்தம் போட ஆரம்பித்தது. பெங்களூர்க் கம்பெனியில் கவுஸ் பாஷா என்று ஒரு என்ஜினீயர், எங்கள் பெட்டியைக் கவனிப்பது அவர் பொறுப்பு. பெட்டியை அவர் நேரில் பார்த்ததே இல்லை. டெலிபோன் கம்பி வழியாகவே உள்ளே நுழைந்து பார்த்துவிட்டு வெளியே போய்விடுவார். எங்களுக்கு டெலிபோன் ஒன்றுதான் என்பதால் அவர் உள்ளே இருக்கும்போது பேச முடியாது, பேசும்போது உள்ளே இருக்க முடியாது. உள்ளே போய்வந்து சொன்னார்:

"மேடம், பாத்துட்டேன். ஒரே டிஸ்குதான் இருக்குது. எண்பது மெகாபைட்டு."

"ரெண்டு இருக்குதுங்க சார். காத்துப் போற ஓட்டை வழியா நானே பாத்தேன்."

"நீங்க ரெண்டுங்கறீங்க, மெசின் ஒண்ணுங்குது."

"மெசினு பொய் சொல்லுதுங்களா?"

"பொய் இல்ல மேடம். நடுவுல ஒரு கார்டு உக்காந்திருக்குது. அது ரெண்டையும் தனக்குப் பின்னாடி மறைச்சுக்கிட்டு, வெளிய கேக்கறவங்களுக்கு ஒண்ணுதான்னு சொல்லும். எப்படிச் சேத்து வச்சிருக்குதுன்னு இங்கிருந்து தெரியாது. நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

மூன்று ஆட்கள் ஒரே கடவுள் என்று ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவள் நான். இரண்டு ஆட்கள் ஒரே டிஸ்க் என்பது எனக்கு எம்மாத்திரம்? ஆனால் எப்படி ஒன்று என்பதுதான் கேள்வி. அதை உங்களுக்கு ஜெபமாலை வைத்தே சொல்லிவிடலாம். தனித்தனியாக உட்கார்ந்து அப்பாவும் அம்மாவும் ஆளுக்கு முழு மந்திரத்தையும் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா தூங்கிவிட்டாலும், தூங்கிவிடுவார், அம்மாவிடம் மந்திரம் முழுசாக இருக்கும். அப்படி அல்லாமல் நம் வீட்டு வழக்கப்படி அப்பா 'அருள் நிறைந்த மரியே' என்று முதல் பாதியும், அம்மா 'அர்ச்சிஷ்ட மரியே' என்று பின்பாதியும் சொன்னால், அப்பா தூங்கிய பிறகு அம்மா சொல்வது வெறும் பாதி. முதல் மாதிரியென்றால் சத்தம் போடும் டிஸ்கைக் கழற்றிப் பெங்களூருக்கு அனுப்பலாம், பட்டியலுக்கு ஒன்றும் ஆகாது. இரண்டாவது மாதிரியென்றால் கழற்றிய நிமிஷமே அறுநூற்றுப் பன்னிரண்டு ஊரும் காலி. கழற்றாமல் விட்டாலோ, அது தானாக நின்றுபோகிற நாளில் எது என்று தெரிந்துவிடும் என்று கவுஸ் பாஷா ஆறுதலாகச் சொன்னார்.

அவரே ஒரு வழியும் சொன்னார். மூடியைத் திறந்து டிஸ்க் மேலே ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்தால் போதுமாம். மொத்தம் எண்பது என்கிறது மெசின். ஒவ்வொரு டிஸ்கும் எண்பது என்றால் இரண்டிலும் ஒரே சமாச்சாரம். நாற்பது நாற்பது என்றால் பாதி பாதி. எவ்வளவு எளிது பார்த்தீர்களா? மூடியில் அரக்கு சீல் இருந்தது. அருள்சாமி சார் அதைத் தொடவே விடவில்லை. "கம்பெனி சீலும்மா. உரியவங்க வந்துதான் ஒடைக்கணும்" என்றார். கவுஸ் பாஷாவைக் கேட்டால், "நாங்க அரக்கு எதுக்கு வைக்கறோம், அது என்ன தாசில்தார் ஆபீஸா?" என்கிறார். ஒரு வாரம் இதிலேயே போயிற்று. சார் டீ குடிக்கப் போன நேரத்தில் நான் பூதக்கண்ணாடி வைத்துச் சீலைப் பார்த்தேன். அதில் பதிந்திருந்தது நம் கோயில் பங்குப் பள்ளிக்கூடத்தின் முத்திரை! சார் தலைமை ஆசிரியராக இருந்த காலத்தில் கேள்வித்தாள் கட்டுக்கு வைத்த அதே முத்திரை. வைத்தது அவரே; வைத்ததை மறந்ததும் அவரே. நான் உடைத்தேன். இதுதான் நீங்கள் எழுதிய 'கம்பெனி சீல்'.

சார் திரும்பி வந்து, கோபப்பட்டு, பிறகு மெதுவாக ஏன் வைத்தேன் என்று ஞாபகத்துக்குக் கொண்டுவந்தார். ஆயுத பூஜையன்று எங்கள் அட்டெண்டர் மாது அண்ணன் கம்ப்யூட்டர் மூடியைக் கழற்றியிருக்கிறார், அதற்குப் பயந்து வைத்ததாம். உள்ளே பார்த்தேன். இரண்டு டிஸ்கின் லேபிள் மேலும் கெட்டியாகக் குழைத்த சந்தனம், நடுவில் எட்டணா அகலத்துக்குக் குங்குமம், காய்ந்து பாறையாக இருந்தது.

"ஏண்ணா, வெளிய வச்சா பத்தாதுங்களா?" என்றேன்.

"வேலை செய்யறது உள்ள இருக்கறதுதானுங்களே மேரிம்மா. வெளிய இருக்கறது வெறும் டப்பா. அதுக்குப் பொட்டு வச்சிட்டு வேலை செய்யறவனுக்கு வெக்காம வுட்டா அவனுக்கு வருத்தமா இருக்காது?"

"சரி, லேபிள் மேலதான் வைக்கணுமா?"

"அதுதான் வெள்ளையா, வழவழன்னு, நெத்தி மாரி இருந்துச்சு."

நான் நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சார் ஸ்டவ்விலிருந்து மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்துக்கொண்டு வந்துவிட்டார். கறை எதுவானாலும் மண்ணெண்ணெயில் போய்விடும் என்பது அவர் முப்பது வருஷம் கரும்பலகைக்குப் பெயின்ட் அடித்ததில் கண்ட உண்மை. நான் வேண்டாம் என்பதற்குள் இரண்டையும் துடைத்துவிட்டார். சந்தனம் போயிற்று. குங்குமம் போயிற்று. அச்சடித்திருந்த எழுத்தும் போயிற்று. கைக்குட்டை மாதிரி இரண்டு வெள்ளை லேபிள்கள். சார் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "இதை ஆபீஸ் ரெக்கார்டுல எழுத வேணாம்மா" என்றார். அன்று மாலையே உங்களுக்கு எழுதியிருக்கிறார் போலிருக்கிறது, ஆளை மாற்றி.

நேற்றுக் காலை கருப்பண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். முகத்தில் துக்கம் இருந்தது, கண்ணில் இல்லை. "போனா போவட்டும் வுடும்மா, இன்னாத்துக்கு மண்டையை ஒடைச்சிக்கறே. புதுசா ஒண்ணு எழுதிக்கலாம். எல்லாரும் அவங்கவங்க ஊரைச் சொன்னா ஆச்சு" என்றார். அந்த நேரம் பார்த்துக் காவேரி வாசலில் வந்து நின்றாள், நேற்று சனிக்கிழமை அல்லவா. "ஏம்மா, எங்க ஊரு உள்ள பத்திரமா இருக்குதா?" என்றாள். இருக்கிறது, ஒன்றில் இருக்கிறதா இரண்டில் இருக்கிறதா என்றுதான் தெரியவில்லை என்றேன். அவள் கருப்பண்ணனைத் திரும்பிப் பார்த்து, "இந்தப் பொண்ணு கையில எழுதுனது செல்லாதுன்னீங்களாமே. என் ரேஷன் கார்டும் கையில எழுதுனதுதான். அதைக் காட்டித்தான் உங்களுக்கு ஓட்டுப் போட்டேன். அப்ப அந்த ஓட்டு செல்லுங்களா?" என்றாள். அவருக்குத் திடீரென்று வேறு வேலை ஞாபகம் வந்துவிட்டது.

கண்ணால் படிக்க முடியாததைக் காதால் கேட்டால் என்ன என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. இரண்டு டிஸ்கும் ஒரே சமயத்தில் வேலை செய்கின்றனவா, முறை வைத்துச் செய்கின்றனவா என்பது சத்தத்தில் தெரிந்துவிடும் அல்லவா? பக்கத்து மருந்தகத்து சிஸ்டரிடம் ஸ்டெதஸ்கோப் கேட்டேன். நல்லது ஒன்றும், வலது குழாய் உடைந்தது ஒன்றும் கொடுத்தார். அருள்சாமி சாருக்கு வலது காது மந்தம். கடவுள் ஒவ்வொருவருக்கும் ஏற்றபடிதான் கருவிகளைக் கொடுக்கிறார். மூடியைத் திறந்து, சார் முன்பக்கம் ஸ்டூல் போட்டு ஒரு டிஸ்கில் வைத்துக்கொண்டார். குழாய் நீளம் போதாததால் நான் பின்பக்கம் போய் மற்றதில் வைத்துக்கொண்டேன். சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்க வேண்டும். காவேரிதான் நடுவர். கவுஸ் பாஷா சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் பெங்களூரிலிருந்து உள்ளே நுழைந்து பட்டியலைப் படிக்க வைப்பதாக ஏற்பாடு. பன்னிரண்டு அடித்தது. என் காதில் 'கரக், கரக்'. கையைத் தூக்கினேன். சாரும் தூக்கினார். காவேரி, "இந்தம்மா கையைப் பாத்துட்டுத்தான் அவரு தூக்கறாருங்க" என்று காட்டிக்கொடுத்தாள். முப்பது வருஷம் பரீட்சை ஹாலில் காப்பியடித்தவர்களைப் பிடித்தவர்! கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னோம். அப்புறம் சார் கை மடியிலேயே கிடந்தது. என் கை மட்டும் ஏறி இறங்கியது.

"பாதி பாதிதான். கதை முடிஞ்சது" என்று சார் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றினார். காவேரி முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள்.  எனக்கு அப்போதுதான் உறைத்தது. கவுஸ் பாஷா செய்ததெல்லாம் படித்தது. ஒரே விஷயம் இரண்டு புத்தகத்தில் இருந்தால் படிக்க ஒன்றைத் திறந்தால் போதாதா? எழுதும்போதுதானே இரண்டிலும் எழுதியாக வேண்டும்! சாரை மறுபடி உட்காரவைத்து, காவேரியிடம் என் ஸ்டெதஸ்கோப்பைக் கொடுத்து நான் இருந்த இடத்திலேயே உட்காரவைத்தேன். மாது அண்ணன் நடுவர். ஆபீசுக்கு வந்து கிடந்த புது மனுக்களில் ஒன்றை எடுத்து நான் தட்டினேன். சங்கத்தின் அறுநூற்றுப் பதின்மூன்றாவது ஊர். கடைசிப் பொத்தானை அழுத்தியதும் காவேரி கை தூக்கினாள். இறுக மூடிய கண்களோடு சாரும் தூக்கினார். "ரெண்டு கையும் ஒண்ணா எந்திரிச்சதுங்க!" என்று மாது அண்ணன் கத்தினார். பத்து மனு தட்டினேன். பத்துத் தடவையும் இரண்டு கையும். பத்தாவது தடவை காவேரி கையை இறக்கவே இல்லை.

டிரங்க் காலில் சொன்னதும் கவுஸ் பாஷா சிரித்தே விட்டார். "காதால கண்டுபிடிச்ச முதல் ஆள் நீங்கதான் மேடம். அப்ப தைரியமா நோயாளியைக் கழட்டி அனுப்புங்க. திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு வந்துச்சுன்னா முதல் வேலையா முழுசா அழிச்சுட்டுச் சோதிக்கறேன். தேறலேன்னா புதுசு" என்றார். எந்தப் பக்கத்து டிஸ்க் நோயாளி என்று மாது அண்ணன் கேட்டார். கரக் சத்தம் நான் கேட்ட பக்கம், இடது பக்கம் என்றேன். அவர் இடது பக்கத்தைக் கழற்றி, வேட்டித் துண்டில் சுற்றி, மஞ்சள் பையில் வைத்து, தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நேற்று மாலையே பெங்களூர் பஸ் ஏறிவிட்டார்.

ஆகவே சித்தப்பா, என்மேல் சுமத்திய குற்றங்கள் இரண்டும் இப்படிப்பட்டவை. எல்லோரும் கைவிட்ட பட்டியலை நிதானமாக யோசித்து, ஒவ்வொன்றையும் சோதித்து, ஒரு எழுத்தும் போகாமல் காப்பாற்றியிருக்கிறேன். இனி அருள்சாமி சார் எழுதினால் இந்தக் கடிதத்தை எடுத்துப் படித்துக்கொள்ளுங்கள். என்னைச் சிபாரிசு செய்ததற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியது எதுவுமில்லை என்று தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். வரப்போகும் கிறிஸ்து பிறப்பு உங்கள் வீட்டுக்குச் சுகத்தையும் சமாதானத்தையும் கொண்டுவரட்டும். சித்திக்கு என் அன்பு. உங்கள் ஆசீரை வேண்டும்,

அண்ணன் மகள்
ராஜமேரி

பின்குறிப்பு, காலை பதினொரு மணி:

மேலே எழுதியது எதையும் இப்போது படிக்க வேண்டாம். படித்துவிட்டிருந்தால் நேரம் போய்விட்டது, செருப்பைப் போட்டுக்கொண்டே மீதியைப் படியுங்கள். பூசை முடிந்து, கம்ப்யூட்டர் அமைதியாக ஓடுவதை ஒரு தடவை காதால் கேட்கலாம் என்று ஆசையாக ஆபீசுக்குப் போனேன். ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். கரக். கரக். நேற்று நான் பெட்டிக்குப் பின்பக்கம் உட்கார்ந்துகொண்டு இடது என்று சொன்னேன். மாது அண்ணன் முன்பக்கம் நின்றுகொண்டு இடதைக் கழற்றினார். அவர்மேல் தப்பே இல்லை, இந்தத் தப்பு முழுக்க என்னுடையது. நோயாளி இங்கே இருக்கிறான். பட்டியல் முழுசாக, சுகமாக இருக்கும் டிஸ்க் மஞ்சள் பையில் பெங்களூரில் இருக்கிறது, நாளைக்குக் காலை ஒன்பது மணிக்கு அழிக்கப்படுவதற்காக. இங்குள்ளதை உடனே அணைத்துவிட்டேன்; மறுபடி போட்டால் எழுந்திருக்குமா என்று தெரியாது, போட்டுப் பார்க்கும் தைரியமும் இல்லை. கம்பெனிக்கு டிரங்க் கால் போட்டால் ஞாயிற்றுக்கிழமை மணி மட்டும் அடிக்கிறது. மாது அண்ணன் பெங்களூரில் "அக்கா வூட்ல" தங்குவதாகச் சொன்னார். அக்கா வீடு எங்கே என்று நான் கேட்கவில்லை. தபாலில் போட்டால் புதன்கிழமைதான் வரும் என்பதால் இதைப் பன்னிரண்டரை பெங்களூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன், உங்கள் வீட்டு வாசலில் கொடுப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறார். கம்பெனி கண்டோன்மெண்ட் ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில், மாடியில். எட்டு மணிக்கே போய் படிக்கட்டில் நின்றுகொள்ளுங்கள். மாது அண்ணன் நாற்பது வயது, ஒல்லி, மடியில் மஞ்சள் பையை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் யாரிடமும் பையைக் கொடுக்க மாட்டார். என் பெயரைச் சொல்லுங்கள், அப்போதும் கொடுக்க மாட்டார். அவரையே பையோடு திருப்பிப் பஸ் ஏற்றிவிடுங்கள். காவேரியிடம் நான் இன்னும் சொல்லவில்லை. உங்கள் இன்லேண்டு லெட்டரில் கிழிந்துபோன வரிகள் உட்பட என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், சித்தப்பா. ஒன்பது மணிக்குப் பிறகு.